அக்கா பாடாமல் நிறுத்திய சொல்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் வாழ்க்கையை எழுத வேண்டியவள் கூடப் பிறந்தவள்தான் என்று ராகலையிலிருந்து வந்த சித்தப்பா சொல்லிவிட்டார். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. ஒன் வாய்த்துடுக்கு மட்டும் வேணாம்" என்று கையோடு எச்சரிக்கையும் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் அதட்டிப் பழகிய வாய் இது. முடிந்தவரை அடக்கி எழுதுகிறேன்.

பொறுமையின் இருப்பிடம் என்று எழுதினால் அக்கா இருந்த இடத்திலிருந்தே சிரிப்பார். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

அக்கா பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், ஆறாம் நம்பர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பிராவான ஒற்றை அறையில். கண் மூடியதும் அதே காம்பிராவில்தான். தொட்டில் தொங்கிய வளைக்கும் பாய் விரித்த மூலைக்கும் இடையே மூன்றடி தூரம் இருக்கும். முப்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அக்கா கடந்து போக முடிந்த தூரம் அது.

நாடு சுதந்திரம் பெற்ற வருடத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த அப்பா மார்வலியில் இறந்தார். அதே வருடம் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் பாட்டன் எங்கே பிறந்தான், கடதாசி எங்கே என்று கேட்டது. திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்த பாட்டன் கடதாசியா கட்டிக்கொண்டு வந்தார்? ஒரே மழைக்காலத்தில் எங்களுக்கு அப்பாவும் இல்லை, நாடும் இல்லை என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கோ இழுப்பு, மலை ஏற முடியாது. எனக்கு எட்டு வயது. பதினாறு வயதில் அக்கா கூடையைத் தலையில் மாட்டினார். காம்பிரா அக்கா பெயருக்கு மாறியது. வேலை இருந்தால் காம்பிரா, காம்பிரா இருந்தால் நாங்கள். எங்கள் குடும்பத்தின் மொத்தச் சட்டமும் அதுதான்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அக்காவின் குரலைத் தேன் என்றும் குயில் என்றும் சிலர் இரங்கல் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அன்புக்கு நன்றி, ஆனால் அது உண்மையில்லை. அக்காவின் குரல் கம்பளி மாதிரி. கனமானது, கொஞ்சம் சொரசொரப்பானது, போர்த்திக்கொண்டால் குளிர் போகும். மேற்கணக்கு ஆலயத்தில் அக்கா பாட எழுந்தால் பின் வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்களும் இருமலை விழுங்கிக்கொள்வார்கள். எழுதப் படிக்க அக்காவுக்கு அவ்வளவாக வராது. கீர்த்தனைகளைக் காதால் கேட்டே படித்தார். பிறகு தாமே பாட்டுக் கட்டத் தொடங்கினார். மெட்டு எங்கேயிருந்து வந்தது? இழவு வீட்டில் அம்மா மாரடித்துப் பாடும் ஒப்பாரியிலிருந்துதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஊழியம் செய்த எங்கள் உபதேசியாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "பிள்ளை, உது ஒப்பாரி மெட்டெல்லே. கோயிலுக்குள்ள உதைப் பாடலாமோ?" என்றார்.

"ஆண்டவரும் செத்துத்தானுங்களே எந்திரிச்சாரு, ஐயா. அவருக்கு ஒப்பாரி தெரியாதுங்களா?" என்றார் அக்கா.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஞாயிறு அவரே அக்காவைப் பாடக் கூப்பிட்டார். அதன் பிறகு ஹட்டன், பூண்டுலோயா, ராகலை என்று எங்கே நற்செய்திக் கூட்டம் நடந்தாலும் அக்காவுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை மாலை லொறியில் ஏறுவார்; ஞாயிறு பாடுவார்; திங்கள் விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தம் பெயர் கூப்பிடும்போது நிற்பார். ஒரு திங்கள்கூட அந்த வரிசையில் அக்கா இல்லாமல் இருந்ததில்லை. சைவக்காரர்கள் வீட்டுச் சாவிலும் "அந்த வேதக்காரப் புள்ளய வரச் சொல்லுங்க" என்பார்கள். அக்கா போய்ப் பாடுவார். யாருடைய கண்ணீருக்கும் அக்கா மதம் கேட்டதில்லை.

ஹட்டன் கூட்டம் ஒன்றில் அக்கா பாடியதைக் கேட்ட கொழும்புப் போதகர் ஒருவர் பின்னர் ஒரு கடிதம் எழுதினார். தங்கள் பாடகர் குழுவில் சேரலாம், பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறது, வானொலியில் ஞாயிற்றுக்கிழமைப் பாடல் நிகழ்ச்சிக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்று இருந்தது. நான்தான் அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அக்கா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை முடிந்ததும், "விடுதியில எத்தன பேருக்கு எடமாம்?" என்று கேட்டார்.

"ஒனக்கு மட்டுந்தான்க்கா."

அக்கா கடிதத்தை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். தோட்டப் பதிவிலிருந்து அக்கா பெயர் விழுந்தால் காம்பிரா போகும்.  அந்த வாரம் கொழுந்து பறிக்கும் மலையில் ஒரு புதுப் பாட்டு பிறந்தது.

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வெளியார் கையிலும் இந்த மலர் போகும் என்பதால் எழுதுகிறேன். ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்தில் சேர வேண்டுமானால், முதல் தோட்டம் அவரை விடுவித்து எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதற்குப் பெயர் பத்துச்சீட்டு. கேட்டு வாங்கினால் விடுதலை. கேட்காமல் வந்தால் வேலை போயிற்று, வீடும் போயிற்று என்று அர்த்தம். ஒரே கடதாசிக்கு இரண்டு முகம். அக்கா அதைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்.

பனியிலே நின்னேனய்யா
பேரு சொல்லிக் கூப்பிடய்யா
பத்துச்சீட்டு தாருமய்யா
பரலோகத் தோட்டம் சேர

அறுப்புப் பண்டிகை வந்தது. பூசணியும் லீக்ஸும் முட்டைக்கோவாவும் பீடத்தின் முன் குவிந்து கிடந்தன. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஆலயத்துக்கு வரும் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்வாங்கில் இருந்தார்; பக்கத்தில் பெரிய கிளாக்கர் ஐயா. அக்கா எழுந்து புதுப் பாட்டைப் பாடினார். பின்னால் பெண்கள் விம்மினார்கள். துரைக்குப் பாட்டில் ஒரு சொல்தான் விளங்கியது. அது அவர் தினமும் அலுவலகத்தில் புழங்கும் சொல். கிளாக்கர் பக்கம் சாய்ந்து, "பத்துச்சீட்டு வேணும், அந்தப் பொம்பளே?" என்று கேட்டார்.

கிளாக்கர் ஐயா எழுந்து நின்று, "ஆமாங்க தொரை" என்றார்.

அவரைக் குறை சொல்லி எழுத வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். நான் குறை சொல்லவில்லை. முப்பது வருடமாகத் துரை எதைக் கேட்டாலும் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த பதில் அது ஒன்றுதான். அன்றைக்கும் அதுவே வந்தது.

மறுநாள் பெரட்டில் அக்கா பெயரைக் கூப்பிடவில்லை. "ஆபீசுக்குப் போ புள்ள" என்றார் கணக்கப்பிள்ளை. அங்கே மேசையில் பத்துச்சீட்டு எழுதித் தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் காம்பிராவைக் காலி செய்ய வேண்டுமாம். அதைத் துரை ஓர் உதவியாகத்தான் நினைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. பாட்டுப் பாடிக் கேட்கும் அளவுக்குப் போக ஆசைப்படுகிறாளே என்று இரங்கினாராம்!

ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பண்டிகைக்கு ராகலையிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தப்பா, "அழாதீங்க அண்ணி. நீங்களும் சின்னப் புள்ளயும் எங்கிட்ட வந்துருங்க. எட்டுப் பேரு இருக்கோம், பத்துப் பேரா இருப்போம். பெரிய புள்ள கொழும்புக்குப் போகட்டும், கதவு தானா தொறந்திருக்கு" என்றார்.

அதுவரை எங்கள் குடும்பத்துக்குக் கதவு தானாகத் திறந்ததே இல்லை. அக்காவின் முகத்தை அன்று பார்த்தேன். ஆசையை மறைக்கத் தெரியாத முகம். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. போயிருவோமா?"

எனக்கு அப்போது பதினாறு வயது. ஹட்டன் பள்ளியில் எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ராகலைக்குப் போனால் பள்ளிக்கூடம் போயிற்று. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சையை எட்டிப் பார்த்ததில்லை. "நான் பரீட்ச எழுதணும்க்கா. போவ வேணாம்" என்றேன். அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, "அழுவாதம்மா, நாளைக்குப் போயி வேணாமுன்னு சொல்லிப்புடுறேன்" என்றார்.

சொன்னார். துரைக்குப் புரியவில்லை. கோயிலில் எல்லார் முன்னும் கேட்டாள், கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், என்னைக் கேலி செய்கிறாளா என்று கோபம் வந்துவிட்டது. வேண்டாம் என்பதைப் பெரட்டில் எல்லார் முன்னும் சொல்ல வேண்டும் என்றும், இனி அந்தச் சொல் ஆலயத்தில் கேட்கக் கூடாது என்றும் உத்தரவாயிற்று. மறுநாள் விடியற்காலைப் பனியில், முந்நூறு பேர் நிற்க, அக்கா முன்னால் போய் நின்று சொன்னார்: "எனக்குப் பத்துச்சீட்டு வேணாமுங்க. நான் இங்கயே இருந்துக்கிறேனுங்க." பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

பாட்டை அக்கா விடவில்லை. அடுத்த ஞாயிறு அதே பாட்டைத்தான் பாடினார். மூன்றாம் அடி வந்ததும் வாயை மூடி நின்றார். அந்தச் சொல்லுக்கு எத்தனை தாளமோ அத்தனையும் மௌனம். பிறகு "தாருமய்யா" என்று எடுத்தார். சொல்லைத்தானே தடுத்தார்கள், சும்மா நிற்பதை யார் தடுக்க முடியும்? சபை முழுதும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பூண்டுலோயாவிலிருந்து லொறி பிடித்து வந்தவர்கள் பாட்டைக் கேட்க வந்தார்களா, அந்த மௌனத்தைக் கேட்க வந்தார்களா என்று உபதேசியாரே ஒருமுறை வியந்தார். துரை மாறினார், அடுத்தவரும் மாறினார். தடையை நினைவு வைத்திருக்க ஒருவரும் இல்லை. அக்கா மட்டும் அந்தச் சொல்லைத் திரும்பப் பாடவே இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பெரட்டுல வேணாமுன்னு சொன்ன வாயி பாப்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மறுபடி கேக்குறது?" என்றார்.

நான் பரீட்சையில் தேறினேன், வாத்தியாரம்மா ஆனேன். அம்மா கண் மூடினார். பள்ளிக்கூடத்தோடு எனக்கு ஒரு அறை கிடைத்தது. இனி அக்காவைக் கட்டிப்போட ஒன்றும் இல்லை என்று ஓடிப்போய், "இப்பப் போலாமேக்கா" என்றேன்.

அக்கா வேதப்புத்தகத்தைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகியிருந்தது. "இப்ப யாரு கூப்புடுறா?" என்று கேட்டார். அந்தப் போதகர் ஊரைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.  

இந்த நாட்டு அரசாங்கமும் பாட்டன் பிறந்த நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் செய்து, எங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பங்கு பிரித்த செய்தி வந்தபோது லயமே கலங்கிக் கிடந்தது. அக்கா மட்டும், "நான் கேட்டவரு இன்னும் தரல. இப்பக் கேக்காமலே ஊருக்கே பத்துச்சீட்டு எழுதுறானுங்க" என்று சிரித்தார். அந்தச் சொல்லை அக்கா வாயிலிருந்து பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். பாட்டாக இல்லை, வெறும் பேச்சாக.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் காய்ச்சலோடு மலைக்குப் போனார். நான்காம் நாள் எழ முடியவில்லை. சளி மார்பில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பாதையில் மண் சரிந்து கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, என் கையைப் பிடித்தபடி போய்விட்டார். பாடவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கடைசி வார்த்தை என்ன என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

அடக்கத்தில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காக எழுதுகிறேன். குழியருகே அக்காவின் பாட்டைச் சபையார் எடுத்தார்கள். மூன்றாம் அடி வந்தது. வழக்கம்போல எல்லாரும் நிறுத்தினார்கள். மழைச்சத்தம் மட்டும் கேட்டது. அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து, ஓய்வு பெற்றுத் தடி ஊன்றி வந்திருந்த பெரிய கிளாக்கர் ஐயா, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், "பத்துச்சீட்டு" என்று பாடினார். அந்த மனிதர் பாடி யாரும் கேட்டதில்லை. அடுத்த தடவை அந்த அடி வந்தபோது முழுக் கூட்டமும் அந்தச் சொல்லைப் பாடியது. சைவக்காரர்களும் பாடினார்கள். நான் மட்டும் பாடவில்லை. 

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். சரிந்த மண்ணை வெட்டிப் பாதை திறந்த ஆறாம் நம்பர் லயத்து ஆண்களுக்கும், மூன்று நாள் அடுப்பு மூட்டாத எங்களுக்கு ரொட்டியும் தேத்தண்ணீரும் கொண்டுவந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய உபதேசியாருக்கும், பத்துப் பேராக இருப்போம் என்று ஒருகாலத்தில் சொன்ன சித்தப்பாவுக்கும், நனைந்துகொண்டு பாடிய கிளாக்கர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஞாயிறு நினைவு ஆராதனையில் அந்தப் பாட்டைப் பாடுவீர்கள். மூன்றாம் அடி வரும்போது, முன்போலவே, தயவுசெய்து எல்லாரும் நிறுத்துங்கள். துரை அக்காவுக்கு அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தார். தராமல் பிடித்து வைத்தவள் நான். அந்தச் சொல்லை நான் தனியாகப் பாட வேண்டும்.