அவரு வந்துட்டாரு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. கணினி அறிவியல், முதல் வகுப்பு. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, நெய்வேலியில் தாய்மாமா சிங்காரவேலுவின் குவார்ட்டர்ஸில் தங்கித்தான் படித்தேன். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் சேர்ந்து, வெகுகாலம் கழித்துப் பெர்மனன்ட் ஆனவர் மாமா. கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது.

அமிர்தம் அத்தை நேரெதிர். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பாள். மாமா சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். கடைக்குப் பத்திரிகை வருவது நின்றபோது, கதைகளைக் குரலில் கேட்கிற ஆப் ஒன்று வாசிக்க ஆள் தேடியது. அத்தையை அதில் சேர்த்துவிட்டேன். மத்தியானங்களில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கத் தன் போனிலேயே வாசிப்பாள். வாசிக்க வாசிக்க ஆப்பில் பதிவாகிவிடும். "வணக்கம், நான் நெய்வேலி அமிர்தம்" என்றுதான் ஒவ்வொரு கதையும் தொடங்கும்.

ஒரு கதையின் நடுவே மாமாவின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும். "செத்த இருங்க, அவரு வந்துட்டாரு. சோத்தப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று சிரிப்பாள். கம்பெனிக்காரர்கள் அதை வெட்டவில்லை. "அவரு சாப்ட்டாராக்கா?" என்று கதையைக் கேட்டவர்களெல்லாம் ஆப்பில் அதன் கீழே எழுதினார்கள். நான் படித்துக் காட்டினால், "ஊரே கேக்குதுடி, இன்னா கொழம்புன்னும் சொல்லிடு" என்று மாமா அத்தையைக் கிண்டலடிப்பார்.

போன வருடம் காய்ச்சலில் படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் மாமா அத்தையின் போனை எடுத்து "அவரு வந்துட்டாரு" என்கிற அந்த இடத்தைப் போடுவார். கேட்டுவிட்டுத்தான் சோறு. தூசி படாமலிருக்கப் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கண்ணாடி விரிசல் விட்டும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. என் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த புதுப் போன் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை.

"அது வேணாம் மாப்ள. ஒங்கத்த இதுலதான் இருக்கா."

போன மாதம் சுரங்க உடுப்போடு, வடலூரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து நின்றார்.

"யாரோ பேசிகினு இருக்கா மாப்ள, கேளு."

கேட்டேன். வழவழவென்று ஒரு குரல், "வணக்கம், நான் நெய்வேலி அமிர்தம்" என்றது. வாசித்தவர்களையெல்லாம் எடுத்துவிட்டு மெஷின் குரலைப் போட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

"போனக் கீழகூடப் போடல மாப்ள, சத்தியமா. நீ படிச்சவன், பழையபடி பண்ணிக் குடு."

குரல் போனில் இருந்ததில்லை, கம்பெனியிடம்தான் இருந்தது என்று விளக்கினேன். உறையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இத்தன நாளா நா எத காபந்து பண்ணிகினு இருந்தேன்?"

கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதினேன். நல்ல இங்கிலீஷ்தான். பழைய பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன, புதிய குரல் இன்னும் தெளிவாக இருக்கும், கேட்டு மகிழுங்கள் என்று பதில் வந்தது. குவார்ட்டர்ஸுக்குப் போய்த் தமிழில் படித்துச் சொன்னேன்.

மாமா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, போனை எதிரில் சாய்த்து வைத்து அந்தக் கதையைப் போட்டார். அந்த இடம் நெருங்கியதும் பிசைந்த கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். குரல் ஒரு வரியை முடித்தது. மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குப் போனது.

"பாத்தியா மாப்ள, கத பாட்டுக்குப் போய்கினே இருக்கு" என்றார். "இதுல நா வூட்டுக்கே வரல."