பட்டியலில் நான் வெட்டிய பெயர்

செவ்வாய்க்கிழமை காலை கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அழைப்பு வந்தது. சிவபாலன் அண்ணை போய்விட்டார். பிரான்காச்சோப் பகுதியில் தன் வீட்டுப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லையாம். மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார். அதை வாங்காமலே நடந்து வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தாலியில் எங்கள் தமிழ்ச் சனம் நடத்தும் விளையாட்டுக் கழகத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கூட்டங்களில் குரல்கள் உயரும்போது, "முதல் சாப்பிடுங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ" என்று ரோல்ஸ் தட்டை நடுவில் கொண்டுவந்து வைப்பவர். அவரைப் பற்றி நல்லதைச் சொல்ல இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. அவருக்கு நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான்.

பொலிதேயாமாப் பக்கம் வயதான இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் அவர் இருபது வருடம் வேலை செய்தார். சிஞ்ஞோரா என்றுதான் அந்த அம்மாவைச் சொல்வார். அந்த வீட்டு நடைச் சுவரில், காலஞ்சென்ற கணவரின் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டு மாட்டியிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைத் துடைப்பது அண்ணையின் வேலை. "இருபது வருசமாத் துடைக்கிறன். ஒருநாளைக்கெண்டாலும் காலில மாட்டிப் பாக்கவேணும்" என்பார். கேட்டவர்கள் எல்லோரும் சிரிப்போம். அதிகம் சிரித்தது நான்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் அவரே ஓடித்திரிந்து, கழகப் பிள்ளைகளுக்கு மதோனியே மலையில் பனிச்சறுக்குப் பயிற்சி ஒழுங்குசெய்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். விரும்பினால் பெரியவர்களும் சேரலாம் என்று அறிவித்தலின் கடைசி வரியில் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் நாள் பஸ் மலை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளுக்குக் குமட்டியது. அண்ணை ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கீறி, மணக்கக் கொடுத்துக்கொண்டே போனார். "இஞ்சை பார், பனி! பனி!" என்று முதலில் கத்தியதும் அவர்தான்.

மேலே பனிச்சறுக்குச் சப்பாத்துகளை வாடகைக்கு எடுக்கும் இடத்தில், பெயரும் சப்பாத்து அளவுமாக அண்ணை எழுதிவைத்திருந்த பட்டியலை நான் வாங்கிக்கொண்டேன். படிவம், தாள், கையெழுத்து என்றால் நம் சனத்துக்கு நான்தான் என்ற நினைப்பு எனக்கு. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எத்தனை பேரோடு குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் நின்றிருக்கிறேன்! நம் வழக்கப்படி தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும், இத்தாலியத் தாள்களில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அதனால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் விழுவதும், நான் ஒன்றை வெட்டித் திருத்துவதும் வழமை. அன்றும் அண்ணையின் கையெழுத்தில் 'சிவபாலன் ஆரணி, முப்பத்தாறு' என்று இருந்தது. ஆரணி அவருடைய மகள். அதற்குக் கீழே 'சிவபாலன், நாற்பத்தொன்று' என்று இன்னொரு வரி. அளவு வேறாக இருப்பதைக் கவனிக்காமல், பெயர் இரட்டித்துவிட்டது என்று நினைத்தேன். எழுதியவர் எனக்குப் பின்னால் நாலு அடி தள்ளித்தான் நின்றார். திரும்பி ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டினேன்.

வரிசை முடிந்தபோது கடைசியாக அவர் நின்றார். புதுக் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். கழற்றிய சப்பாத்து கையில் இருந்தது.

"அண்ணை, சப்பாத்தைப் போடுங்கோ. நிலமெல்லாம் ஈரம்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எல்லாருக்கும் கிடைச்சிட்டுதோ?"

"ஓம், எல்லாருக்கும் சரி."

"அப்ப நான் பையளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார்.

ஏன் சப்பாத்தைக் கழற்றினார் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்கப் பைகளுக்கு நடுவே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆரணி விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைதட்டினார். நான் காப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன அண்ணை, இருபது வருசம் துடைச்சதெல்லாம் மறந்துபோச்சோ?" என்று பகிடி விட்டேன்.

"இண்டைக்குப் பிள்ளையள் பழகட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரணி என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. "மாமா, அப்பாவும் பேர் குடுத்தவர் எல்லே? ஒரு ஆள் குறையுதெண்டு சறுக்கப் பழக்கின மாயெஸ்த்ரோவும் கேட்டவர்."

தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முன் இருக்கையில் அண்ணை எலுமிச்சம்பழம் கீறிக்கொண்டிருந்தார். எழும்பிப் போய் "அண்ணை, பிழை விட்டிட்டன்" என்று சொல்ல ஆறேழு அடி வைத்தால் போதும். பஸ் நிறையச் சனம், வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் பெயரை முதல் வரியில் எழுதிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அடுத்த ஞாயிறு சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லை, அண்ணை வரவில்லை. மிச்ச ஞாயிறுகளும் அப்படியே போயின. மறு வருடம் அவருக்கு முழங்கால் வலி. கேட்டால் வரமாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதையும் அவரிடம் கேட்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

செத்தவீட்டில் ஆரணியிடம்தான் அதைச் சொல்லி அழுதேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அண்டைக்கு வீட்டை வந்ததும் அப்பா சொன்னவர், மாமா. 'அவர் தெரியாமல் வெட்டிப்போட்டார். நீ போய்க் கேட்டதில அவற்ற முகம் வாடிப்போச்சு. இனி அவருக்கு முன்னால அந்தக் கதையை எடுக்காதை' எண்டு."

ஆக, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருடங்கள், எத்தனை கூட்டங்கள், எத்தனை ரோல்ஸ் தட்டுகள். ஒவ்வொன்றையும் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "முதல் சாப்பிடுங்கோ" என்றிருக்கிறார். நான் சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்திருக்கிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். நான் போட்டது ஒரே ஒரு கோடு. அதற்கு அடியில் அவர் எழுதிய பெயரை இன்றைக்கும் தெளிவாக வாசிக்க முடிகிறது.