நகலைக் காப்பவர்

முதலில் அமலாவின் வலது கையை உடைத்தார்கள். திண்டிவனத்தில் அவள் வைத்திருந்த டிடிபி கடைக்குள் புகுந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரும்புக் குழாயால் ஓங்கி ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கிளியனூரில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண் அவள். செய்த குற்றம், ஒரு கணினி நிரல் எழுதியது. பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்த ஏரியில் எங்கே மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு லாரிகளை மறித்தார்கள். லாரி முதலாளி வேங்கடேசனுக்கு வயிறு எரிந்தது. மண்ணைத் தின்று கொழுத்தவனுக்கு எரியாதா பின்னே!

"அழிக்கிறியா, இன்னொரு கையும் வாணாமா?" என்றான் அவன்.

இடது கையால் அழித்தாள். அவன் மகன் கோகுலகிருஷ்ணன், என்ஜினீயரிங் படித்தவன், பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். அடிக்கிறவனைவிட இப்படி நின்று பார்க்கிறவன்தான் கேடுகெட்டவன்.

"இது ஒண்ணு மட்டும் இல்லப்பா," என்றான் மகன். "இன்னும் ரெண்டு சைட்ல அப்படியே காப்பி வச்சிக்கினு இருக்கா. இத்த அழிச்சாலும் அது இருக்கும்."

இரண்டாவதையும் அழித்தாள். மூன்றாவது அவள் பொறுப்பில் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று கேட்டு உதைத்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வந்தது, பெயர் வரவில்லை. வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. இப்படிப் பொதுவில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: உதவியவர் பெயரை மறைக்கக் கூடாது. முதல் பக்கத்தில் அமலாவே ஆசையாசையாக எழுதி வைத்திருந்தாள்: "இந்த நகலைக் காப்பவர் இசைவாணி, கெடார்." மூன்றாவது தளத்தைத் திறந்த கோகுலகிருஷ்ணன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அவள் போனை நொறுக்கி, அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. யாரோ வந்து பூட்டை உடைப்பதற்குள் கெடாரில் எல்லாம் முடிந்திருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இசைவாணி தலைக்கட்டோடு கிடந்தாள். வலது காது இனிக் கேட்காது என்றார்கள்.

"பாஸ்வேர்டு குடுக்கலக்கா. எல்லாம் அப்படியே இருக்குது," என்றாள், பெருமையாக.

அமலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "லூசாடி நீ? தொலையுதுன்னு குடுத்திருக்கக் கூடாதா? நீ செத்திருந்தா அத்த வச்சிக்கினு நான் இன்னாடி பண்ணுவேன்?" என்று கத்தினாள். பிறகு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்பனும் மகனும் ஜாமீனில் வெளியே வந்தார்கள். அமலா மிச்சமிருந்த நகலிலிருந்து நிரலை எடுத்து எல்லாத் தளங்களிலும் மறுபடி ஏற்றினாள். முகம் தெரியாத பலர் தாங்களும் நகல் வைப்பதாகச் சொல்லி, "எங்க பேரையும் போடுங்க" என்று கேட்டார்கள். அவள் போடவில்லை. இசைவாணியின் பெயரையும் எடுத்துவிட்டாள்.

இப்போது எல்லா நகல்களின் முதல் பக்கத்திலும் ஒரே பெயர்தான்: அமலா. அதன் கீழே கடை விலாசமும், அவள் எந்நேரம் கடையில் இருப்பாள் என்பதும்.