அவள் எழுதிய விடுப்புக் கடிதம்

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் நானும் அவளும் பதினோரு வருடம் இங்கிலீஷ் எடுத்தோம். பி.எட். ஒன்றாகப் படித்தவர்கள். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அவளுக்கு எட்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் இருவரில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். இதை நானே எல்லோரிடமும் சொல்வேன். எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வருவாள். வழியெல்லாம் மடியில் டிக்‌ஷனரி இருக்கும்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் வார்த்தைகளைப் பற்றித்தான் பேச்சு. ஒரு நாள் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்து எழுந்த தன் மாமாவைப் பற்றி ஒரு பையன் ‘புல் த்ரூ’ என்று எழுதியிருந்தான். நான் சரி போட்டிருந்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, சாதாக் காய்ச்சலுக்கு இதப் போடக் கூடாது. பொழைப்பாரா மாட்டாரான்னு கெடந்து எந்திச்சாத்தான் புல் த்ரூ. சளி, காய்ச்சல்னா கெட் ஓவர். ஆப்பரேசன் முடிஞ்சு வீட்ல படுத்து ஒடம்பத் தேத்துதாங்கன்னா ரெக்யூபரேட்.”

“அப்ப பவுன்ஸ் பேக்?”

“அது பந்து மாதிரி. விழுந்த வேகத்துல எந்திக்கணும். தேர்தல்ல தோத்தவிய, யாவாரத்துல நொடிச்சவிய, அவியளுக்குச் சொல்லலாம். துக்க வீட்ல போயி சொல்லிறாத, அடிக்க வருவாங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பையனுக்கு அரை மார்க் போனது.

போன ஐப்பசியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. உள்ளே கட்டி. திருநெல்வேலியில் ஆப்பரேஷன் நடந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் ஓய்வு எடுத்தால் போதும். வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அதை அவளுக்குத்தான் போனில் சொன்னேன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். ஊரில் நல்ல மழை. செருப்பில் கரிசல் மண் அப்பிக்கிடந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள்.

“லீவ் லெட்டர நான் மெயில்ல அனுப்பிருதேன். நீ பேசாமப் படு,” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து நாலு பெண்கள் பைபிளோடு வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் என் வகுப்புப் பையனின் அம்மா. கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணினார்கள். அந்த அம்மா அழுதார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கட்டிய எடுத்தாச்சு,” என்றேன்.

“எவ்வளவு தைரியமாப் பேசுதீங்க டீச்சர்,” என்று இன்னும் அழுதார்.

பாசக்கார மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்து பள்ளிக்குப் போனேன். தாளாளர் எழுந்து நின்று என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். “நீங்க திரும்பி வந்ததே பெருசும்மா. இனி ஒடம்ப வருத்தாதீங்க. பன்னெண்டாங்கிளாஸ அவங்க பாத்துக்கிடுவாங்க. உங்களுக்கு ஆறாங்கிளாஸ் போட்டிருக்கு.”

அவர் சொன்ன ‘அவங்க’ என் தோழிதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டர் கொடுத்த ஃபிட்னஸ் சர்டிபிகேட்டை ஆபீசில் கொடுக்கப் போனேன். கிளார்க் என் ஃபைலைத் திறந்தார். மேலே அவள் அனுப்பிய மெயிலின் பிரிண்ட் இருந்தது. நின்றபடியே படித்தேன். நான் கடுமையான நோயோடு போராடுகிறேனாம். நான் புல் த்ரூ ஆக வேண்டுமென்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்களாம். இந்த நிலையில் வருடம் முழுக்க என் வகுப்புகளை எடுத்துக்கொள்ளத் தான் தயாராம்.

வேறு யார் எழுதியிருந்தாலும், இங்கிலீஷ் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். தேதியைப் பார்த்தேன். அவள் எனக்குத் தலை பின்னிவிட்ட நாள்.

மத்தியானம் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“ரெக்யூபரேட்னு போட்டிருக்கலாம்லா?”

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள்.

“பதினோரு வருசமா எட்டாங்கிளாஸ். எங்க ரெண்டு பேர்ல அவதான் கெட்டின்னு எல்லார்ட்டயும் சொல்லுத. ஒரு நாளாவது தாளாளர்ட்டப் போயி அதச் சொன்னியா?”

நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

“அதுக்காக என்னச் சாகக் கெடக்கேன்னு எழுதுவியா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “யூ வில் கெட் ஓவர் இட்,” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். சளிக்கும் காய்ச்சலுக்கும் சொல்கிற வார்த்தை. அதையும் தெரிந்துதான் சொன்னாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைத் தாளாளரிடம் காட்டினேன். நம்பினார். ஆனால் பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் வகுப்பை மாற்ற முடியாது என்றார். கடிதத்தைப் பற்றிச் சொன்னதற்கு, “பாசத்துல கூடக் கொறைய எழுதிருப்பாங்கம்மா,” என்றார். ஏப்ரல் வரை ஆறாம் வகுப்புக்கு எடுத்துவிட்டு வேலையை விட்டேன். கடைசி நாளில் மற்ற டீச்சர்கள் கேக் வெட்டினார்கள். அவள் அன்றைக்கு லீவு.

ஜூனில் இருந்து கழுகுமலையில் வேலை. மறுபடி பன்னிரண்டாம் வகுப்பு கிடைத்தது. உடம்பு நன்றாக இருக்கிறது, படியெல்லாம் சாதாரணமாக ஏறுகிறேன். அங்கே ஒரு கணக்கு டீச்சர் முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டு, “அக்கா, இங்கன வாங்க, சேந்து சாப்பிடுவோம்,” என்றாள். கலகலப்பான பிள்ளை. பாடக் குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலி வகுப்பறையில் போய்த் தனியாகச் சாப்பிட்டேன். இன்னமும் அப்படித்தான். கணக்கு டீச்சர் தினமும் கூப்பிடுகிறாள். நானும் தினமும் “நாளைக்கு வாரேன்” என்கிறேன்.