நாற்பத்தொன்றாம் நம்பர் கதவு

மாடம்மாளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. சிமெண்டுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே நின்று கேள்வி கேட்பாள். திருவனந்தபுரத்தில் அடுக்குமாடிகள் முளைக்கத் தொடங்கியிருந்த எண்பதுகளின் ஆரம்பம் அது. ஸ்ரீகண்டன் முதலாளி கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் அவள் சித்தாள், நான் கணக்குப்பிள்ளை. ஸ்ரீவராகத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து தகரக் கொட்டகைக்குள் வேகிற எனக்கு அவள் கேள்விகள் எரிச்சலாக இருக்கும். ஆனால் பதில் வாங்காமல் நகரமாட்டாள்.

ஒருநாள் முதலாளி கொட்டகைக்குள் வந்து உரக்கப் புலம்பிவிட்டுப் போனார். எங்கள் கட்டடத்துக்குக் கிடைத்த அனுமதியில் ஒரு நிபந்தனை. மூன்று மாடிக்கு மேல் எழுப்புகிற ஒவ்வொரு மாடிக்கும் அவர் தனியாக ஒரு கட்டணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில், கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுப்பார்களாம். மாடம்மாளின் குடிசையும் அந்தக் கரையில்தான்.

"அவரு மாடி கட்டுனா எனக்கு எதுக்கு சாமி வீடு?" என்று கேட்டாள்.

ரோடும் தண்ணீரும் ஊருக்குப் பொது, அதை வைத்து உயர உயரக் கட்டிச் சம்பாதிக்கிறவர் இடமில்லாதவர்களுக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும் என்கிறார்கள், என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மொத்தம் எத்தனை மாடி என்று கேட்டாள். ஏழு என்றேன். அன்றிலிருந்து செங்கல் லாரி தாமதமானால் முதலாளிக்கு முன்னால் அவளுக்குத்தான் கோபம் வரும். முதலாளியைவிடக் கட்டடத்தின்மேல் அக்கறை உனக்குத்தான் என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள்.

அவளுக்கு அது கேலி இல்லை. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் போனபின் மகள் பூமாரியோடு இங்கே வந்தவள். பூமாரி வயதுக்கு வந்ததும், கான்கிரீட் வார்ப்புக்கு உதவாதென்று கழித்த பலகைகளைக் கேட்டு வாங்கி, ஆணியடித்து ஒரு கதவு செய்துகொண்டாள். மற்ற குடிசைகளில் பெரும்பாலும் சாக்குத் தொங்கும். இவள் குடிசையில் உள்ளே தாழ்ப்பாள் போடலாம். அதனால்தான் கண்மூடித் தூங்குகிறேன் என்பாள். ஆனால் மழைக்காலத்தில் கால்வாய் பொங்கினால் கதவா தடுக்கும்? பொட்டப்பிள்ளைக்கு ஒரு நல்ல வீடு வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அந்தக் கதவே வீட்டுக்கு உலை வைக்கப் பார்த்தது. ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது கதவுள்ள குடிசைக்காரர்கள் அதைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் சாத்திவைத்துவிட்டுப் போவார்கள். திருடு போக வேறென்ன இருக்கிறது அங்கே? மாடம்மாளும் தன் கதவைப் பக்கத்துக் குடிசை சரசம்மாவின் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். அந்த வாரம் பார்த்து அதிகாரிகள் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். கதவில்லாத, ஆளில்லாத குடிசையைக் காலி என்று விட்டுவிட்டார்கள். சரசம்மாவின் சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்து, பின்னால் இன்னொரு குடும்பம் இருக்கிறதென்று நினைத்து, அதில் சிவப்பு பெயிண்டால் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டார்கள்.

மாடம்மாள் திரும்பி வந்து விசாரித்தபோது, அவள் குடிசை பட்டியலில் இல்லை, நாற்பத்தொன்றாம் நம்பரில் ஆள் இல்லை, அந்த நம்பரையும் அடித்துவிடப் போகிறோம் என்று ஆபீசில் சொன்னார்களாம். மறுநாள் வேலைக்கு வராமல் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே போனேன். இந்தக் கூத்தை யாரால் விடமுடியும்?

ஆபீசர் கதவையும் நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். இது கதவு மாத்திரமல்லே, வீடு எவிடே என்று மலையாளத்தில் கேட்டார். கதவு மட்டும்தானே இருக்கிறது, வீடு எங்கே என்று அர்த்தம்.

"கதவக் கண்டதும் உள்ள ஆளு இருக்கும்னு நினைச்சுதானே ஸாரே நம்பர் போட்டீய? ஆளு இந்தா நிக்கேன். கதவும் இருக்கு. வீட்ட மட்டும் நீங்க குடுங்க" என்றாள் மாடம்மாள்.

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளை அனுப்பிக் குடிசையை மறுபடி பார்க்கச் சொன்னார். நாற்பத்தொன்று மாடம்மாள் பெயருக்கு ஆனது.

மறுவருஷம் ஆறாவது மாடி முடிந்ததும் முதலாளி நிறுத்திக்கொண்டார். ஏழாவதற்குக் கட்டணம் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குள் வீடுகள் பாதிக்கு மேல் எழும்பியிருந்தன. பணம் குறைந்ததால் கடைசி வரிசை வீடுகளைச் சுவரும் கூரையுமாக, கதவு இல்லாமலே கொடுத்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாடம்மாளுக்குக் கிடைத்தது அந்த வரிசையில்தான்.

பால் காய்ச்சுகிற அன்று போயிருந்தேன். வரிசை முழுக்கச் சாக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மட்டும் கதவு, சிவப்பு நம்பரோடு. குடிசைக்குச் செய்த கதவு இந்த வாசலுக்குப் போதவில்லை. மேலே ஒரு முழத்துக்குத் திறந்து கிடந்தது. அதன் வழியாகப் பார்த்தால் தூரத்தில் எங்கள் கட்டடம் தெரிந்தது. மேலே என்ன இப்படி ஒரு இடைவெளி என்று கேட்டேன்.

பூமாரி கொடுத்த டம்ளரை என் கையில் வைத்துவிட்டு மாடம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"அதுதான் சாமி, முதலாளி கட்டாம விட்ட மாடி" என்றாள்.