எஸ்தர் போட்ட வட்டங்கள்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். போனில் அவள் தம்பி சாமுவேல். "டீச்சர், அக்கா போய்ட்டாங்க. வேலூர்லருந்து கொண்டாந்துட்டிருக்கோம்" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு தாள் திருத்தினேன். இரண்டிலும் மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

நம் சபை மாத இதழில் அவளைப் பற்றி எழுதும்படி ஆயர் கேட்டார். உங்களில் பாதிப் பேருக்கு அவள் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று ஆல்டோ பாடியவள். மீதிப் பேருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் மேஜையில் இருபது வருஷம் நின்றவள். அவள் ஒரு கம்ப்யூட்டருக்குக் கம்பைலர் எழுதியவள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அது என்னவென்று கேட்டால் தலையைச் சொறிவீர்கள், பரவாயில்லை, சொல்கிறேன். ஆனால் அதில் நான் செய்த ஒரு காரியம் உங்கள் ஒருவருக்கும் தெரியாது. எஸ்தருக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை அவள் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒரு தோலை மேஜையில் விரித்து இடது உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி, எது தட்டுப்பட்டாலும் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம். வெட்டுகிறவர்கள் அந்த இடங்களை விட்டுவிட்டு ஷூவுக்கான துண்டுகளை வெட்டுவார்கள். ஒரே தோலில் பதினைந்து வட்டத்துக்கு மேல் இருந்ததைப் பார்த்து, "இவ்ளோ இருக்கே, மட்டமான தோலா?" என்று கேட்டேன். "ஆடு முள்ளுக்குள்ள போனா கீறத்தான்டி செய்யும். வட்டம் போட்டுட்டா வெட்டறவனுக்கு பேஜார் இல்ல. போடாத தோல்தான் மட்டம்" என்றாள்.

எங்கள் பள்ளிக்கு எண்பதுகளில் இரண்டு சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. டி.வி.யில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டுகிற ரகம். தொண்ணூறுகளில் புது மெஷின்கள் வந்ததும் இவற்றுக்குத் துணி போர்த்தி ஹால் மூலையில் வைத்துவிட்டார்கள். சாவி கணக்கு டீச்சரான என்னிடம். பாடல் பயிற்சி அப்போது பள்ளி ஹாலில்தான். ஒரு சனிக்கிழமை எஸ்தர் துணியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி இது?" என்றாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று மாதத்தில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி என்னைவிட அவளுக்கு நன்றாக வந்தது. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தோலில் வட்டங்களை விலக்கி எத்தனை துண்டு வெட்டலாம் என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினாள். அது ஓடி முடிக்க அரைமணி ஆயிற்று. ஏன் இத்தனை மெதுவாக ஓடுகிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு வெள்ளைக்காரப் பிரசங்கியார் வந்தால் பக்கத்தில் ஒருவர் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வாரே, இந்த மெஷினும் அப்படித்தான், ஒரே வரி நூறு தடவை வந்தால் நூறு தடவையும் புதிதாக மொழிபெயர்க்கும் என்றேன். "முழுப் பிரசங்கத்தையும் முன்னாடியே தமிழ்ல எழுதிக் குடுத்துட்டா?" என்று கேட்டாள். அப்படி எழுதிக் கொடுப்பதற்குத்தான் கம்பைலர் என்று பெயர், ஆனால் இந்த மெஷினுக்கு அது கிடைத்தபாடில்லை என்றேன். "கிடைக்கலன்னா எழுதணும்" என்றாள், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்பது போல.

மூன்றரை வருஷச் சனிக்கிழமைகள் அதில் போயின. மெஷினுக்குப் புரியும் எண்களை நோட்டு நோட்டாக எழுதினாள். ஒரு எண் தவறினாலும் மெஷின் உறைந்துபோகும், கேசட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான ஆல்டோ வரியை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். நான் கையேட்டில் தேடிக் கொடுத்தேன், சோதித்துப் பார்த்தேன், ஆங்கிலக் கடிதங்கள் எழுதினேன். கடைசியில் அந்த அரைமணி புரோகிராம் ஒரு கீர்த்தனை பாடி முடிப்பதற்குள் ஓடி முடிந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதே மெஷினை வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக அனுப்புகிறோம் என்று ஒரு பத்திரிகைக்கு எழுதிப் போட்டோம். முப்பத்தொரு பேர் கேட்டு எழுதினார்கள். பிரசங்க கேசட் பதியும் சபையின் டேப் டெக்கை ஆயர் அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தோம். உறையில் போட்டு அனுப்புவது என் பொறுப்பு, ஏனென்றால் முகவரி என் பள்ளியுடையது.

அந்த உறைக்குள் வைக்க எஸ்தர் ஒரு தாள் தயாரித்திருந்தாள். கம்பைலரில் அவளுக்குத் தெரிந்த பதினோரு குறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையால் போட்ட ஒரு வட்டம். மூன்றாவது வட்டம், 32767க்கு மேல் போகும் எண்கள் தவறாகி மைனஸில் வரும் என்பது. வேகத்துக்காக அதை விட்டுக்கொடுத்திருந்தாள். "உறையத் திறந்ததும் இதான் மேல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள்.

நான் அந்தத் தாள்களை வைக்கவில்லை. மறக்கவில்லை, வைக்கவில்லை. கேசட்டின் மேல் எங்கள் இரண்டு பெயரும் அச்சடித்திருந்தது, என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. என்றும் இருந்தது. முன்பின் தெரியாத முப்பத்தொரு பேர் உறையைத் திறந்ததும் முதலில் எங்கள் தவறுகளைப் படிப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தாள்களைக் கட்டி, என் பீரோவில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் தள்ளினேன். அவளிடம், "எல்லாம் அனுப்பிட்டேன்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வாலாஜாபேட்டைப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்ற அறிவியல் ஆசிரியர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். தோல் பதனிட எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று காட்ட ஒரு புரோகிராம் எழுதி, எங்கள் கம்பைலரில் போட்டு, ஆசிரியர்கள் கூட்டத்தில் ஓட்டியிருக்கிறார். லிட்டர் கணக்கு ஏறிக்கொண்டே போய் திடீரென்று மைனஸில் விழுந்துவிட்டது. "தோல் பதனிடற ஷாப்பெல்லாம் பாலாத்துக்குத் தண்ணி திருப்பிக் குடுக்குதுன்னு காட்டுதும்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க. மேடையில நிக்க முடியல எனக்கு" என்றார்.

எஸ்தர் பதறிப்போய், "சார், பேப்பர்ல மூணாவது வட்டம் பாக்கலியா நீங்க?" என்றாள்.

"எந்தப் பேப்பர்?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் டி.வி.யைப் பார்த்தேன். தோலைத் தடவும்போது கை ஓரிடத்தில் நிற்கும் இல்லையா, அவள் முகம் அப்படி நின்றது. பிறகு அவர் பக்கம் திரும்பி, "எங்க தப்பு சார். ஒரு பேப்பர் வெக்கணும், வெக்காம அனுப்பிட்டோம். மன்னிச்சிக்கோங்க" என்றாள். அவர் மனசு இளகி, டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும், "எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள். பீரோவைத் திறந்து காட்டினேன். கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தாள், முப்பத்திரண்டு இருந்தன. திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "ஒக்காரு, கவர் எழுதலாம்" என்றாள். முப்பத்தொரு உறைகளும் அன்றே எழுதினோம். அடுத்த நாள் ஆராதனையில் என் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடிக்கவில்லை. ஐந்து வாரம் அப்படி.

அடுத்த வருஷம் குறைகளைத் திருத்தி இரண்டாம் வெளியீடு வந்தது. பெரிய எண்களும் அதில் சரியாக வந்தன. புதுத் தாளின் முதல் வட்டத்துக்கு எதிரே எஸ்தர் இப்படி எழுதியிருந்தாள்: "முதல் வெளியீட்டில் இந்தத் தாளை வைக்காமல் அனுப்பினோம்." அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இன்னா பண்ண? என் பேரப் போடு" என்றேன். "தோல்ல வட்டம் போடறோம். யார் கீறினதுன்னு எழுதறமா?" என்றாள். புது கேசட் கிடைத்ததும் ஏழுமலை சார் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டியில் பாதிக்கு மேல் என்னிடமே தள்ளிவிட்டாள்.

தாளில் அந்த வரியைப் படித்தவர்கள் எல்லாரும், மறந்தது எஸ்தர்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். எம்.எஸ்ஸி. டீச்சர் மறப்பாளா என்ன? "செக்கிங் டேபிள்காரியே பேப்பர் வெக்க மறந்துட்டா பாரு" என்று பாடகர் குழுவில் வருஷக்கணக்கில் கிண்டல் செய்தோம். ஆமாம், செய்தோம் என்றுதான் சொல்கிறேன், நானும் கூடச் சிரித்தேன். கம்பெனியிலும் அந்தக் கதை பரவியது. கவனம் ஒன்றையே தன் பெருமையாக வைத்திருந்தவள், கவனக்குறைவு என்று ஊரே சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனாள். நான்கைந்து வருஷத்துக்கு முன்னால், பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிற ஒருவர் கம்பைலரை இணையத்தில் ஏற்ற அனுமதி கேட்டார். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: தாளையும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

அடக்க ஆராதனையில் சாமுவேல் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். "எங்க அக்கா வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் ஒண்ண மறந்தாங்க, அந்தப் பேப்பர" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தீர்கள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளுடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. பீரோவில் தள்ளியவற்றில் மிஞ்சிய ஒரு தாள், சாக்பீஸ் பிடித்துப் பழகிய கை போட்ட பதினோரு வட்டங்களோடு. இன்னொன்று, ஏழுமலை சாரிடம் அவள் சொன்ன "எங்க தப்பு". அதில் "எங்க" என்ற சொல்லுக்குள் நான் பன்னிரண்டு வருஷம் ஒளிந்திருந்தேன். அவள் இருக்கும்வரை அங்கே இடம் இருந்தது. இனி நான் மட்டும் அங்கே இருந்தால் அது அவள்மேல் போடும் பழி.

எஸ்தர் மறக்கவில்லை. யார் கீறியது என்று அவள் எழுதமாட்டாள். நான் எழுதுகிறேன்.

கிரேஸ் சுகந்தி, எம்.எஸ்ஸி.