அழத் தெரியாத டோர்காஸ்

சிம்பு மலையில் டோர்காஸின் சிரிப்பைக் கேட்காத தோட்டம் கிடையாது. காப்பிப் பழம் பறிக்கும்போது பாடுவாள். சேற்றில் வழுக்கி விழுந்தாலும் "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பன்றி வேலியை முட்டித் தள்ளி அவளுடைய சர்க்கரைவள்ளிக் கொடிகளை நாசம் பண்ணியது. சண்டை பார்க்க ஊரே கூடியது. அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அதுவும் கர்த்தர் படைச்ச வயிறுதானே, விடுங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கிழங்கைப் பொறுக்கி நூல்பையில் போட்டு, அதன் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு போய்விட்டாள். பார்த்தவர்களுக்குத்தான் எரிச்சல்.

ஆனால் சாவு வீட்டில் இந்தச் சந்தோஷம் எடுபடாது. எங்கள் மலையில் வாலிபன் எவனும் தானாகச் சாவதில்லை, யாரோ சூனியம் வைத்துச் சாகடிக்கிறார்கள் என்றுதான் பேச்சு. துக்கக் குடிலில் முகம் நிறையக் களிமண் பூசிக்கொண்டு தொண்டை கட்டும்வரை ஒப்பாரி வைக்க வேண்டும். எவளுடைய கண் காய்ந்திருக்கிறதோ அவள்தான் சூனியக்காரி. அப்படிப் பெயர் விழுந்தவளை அப்புறம் யாரும் உயிரோடு பார்த்ததில்லை. பாழாய்ப்போன இந்தப் பயம் சபைக்குப் போகிறவர்களையும் விடவில்லை.

போமாய் செத்துப்போனான். கல்யாணம் பேசி வைத்திருந்த வாலிபன், காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் டோர்காஸிடம் பாட்டுப் படித்தவன். அவள் வெள்ளை உடுத்திக்கொண்டு துக்கக் குடிலுக்குப் போனாள். தலைமாட்டில் உட்கார்ந்து உயிர்த்தெழுதல் பாட்டைப் பாடினாள். தன் புருஷன் செத்தபோதும் அதைத்தான் பாடினாள். அவர் வயதானவர், ஊர் கண்டுகொள்ளவில்லை. இப்போதோ ஒப்பாரி சட்டென்று நின்றது. போமாயின் அண்ணன் வேனா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் அவள் கொழுந்தன் மோண்டோ மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணி, உனக்கு மூளை கீளை இருக்கா? அங்க நெருப்புல இரும்புக் கம்பியப் போட்டு வச்சிருக்கானுங்க. எதுக்குன்னு நெனைக்கிற, கெழங்கு சுடவா?"

"போமாய் கர்த்தர்கிட்டப் போயிருக்கான். அது சந்தோஷந்தானே மோண்டோ?"

"அந்தச் சந்தோஷத்த உன் வீட்டுக்குள்ள வச்சுக்கோ! இன்னிக்கு வந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடு. எச்சியத் தொட்டாவது வச்சுக்கோ, தாயே."

"நான் வராமலே இருந்துட்டா?"

"வராதவதான் சூனியம் வச்சவன்னு சொல்லுவானுங்க. உன் எலும்பப் பொறுக்க என்னால ஆகாது அண்ணி."

அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. களிமண்ணைக் குழைத்து முகத்தில் பூசினாள். கர்த்தரை வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறோமே என்று வெட்கமாகிப்போய், உடனே கழுவிவிட்டாள்.

அவள் குடிலுக்குள் நுழைந்தபோது மூடுபனி வாசல்வரை இறங்கியிருந்தது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவள் உள்ளே வந்ததும் வாசலை மறித்துக்கொண்டு வேனா வெட்டுக்கத்தியோடு நின்றான், பின்னால் அவன் கூட்டாளிகள். டோர்காஸ் போமாயின் முகத்தைப் பார்த்தாள், அழுகை வரவில்லை. வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். ஞாயிறு பள்ளியில் இவனுக்கு மூக்குச் சிந்தி விட்டிருக்கிறேன். அவன் ஜெபம் முடிவதற்குள் என் மடியில் தூங்கிவிடுவான். அன்பைப் பற்றிய வசனத்தைத் தப்பில்லாமல் சொல்லி மிட்டாய் வாங்கியவன் இந்த வேனா. அவன் கையிலா கத்தி! ஐயோ, என் பிள்ளைகளே! அவளுக்கு நெஞ்சு வெடித்தது. தரையில் விழுந்து வாய்விட்டுக் கதறினாள்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேனா கத்தியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அழுதுட்டா. இவ இல்ல" என்றான்.

மோண்டோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் போமாய்க்காக அழுதாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்று தரையிலேயே கிடந்தாள்.

"அப்போ வேற எவ?" என்றான் வேனா.

எல்லார் கண்ணும் குடிலைச் சுற்றி வந்து ஒரு மூலையில் நின்றது. அங்கே கெருவா உட்கார்ந்திருந்தாள். வேறு பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷனை இழந்தவள், கேட்க நாதியில்லாதவள். அழுது அழுது அவள் குரல் போயிருந்தது, கண்ணீரும் வற்றியிருந்தது.

"அவளப் பாரு, கண்ணு எப்படிக் காஞ்சு கெடக்கு" என்றான் ஒருவன்.

டோர்காஸ் எழுந்தாள். மோண்டோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "உக்காரு அண்ணி. உன் கால்ல விழறேன், உக்காரு."

"விடு மோண்டோ."

அவள் கூட்டத்தைத் தாண்டிப் போய்க் கெருவாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நேத்து நான் பாடின பாட்டு உனக்குத் தெரியுமா?"

கெருவா இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் சொல்லித் தர்றேன். கஷ்டமேயில்ல, பக்கத்து வீட்டுப் பன்னிக்கே தெரியும்." சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் அடியைப் பாடினாள். வேனா சுவரில் சாய்த்திருந்த கத்தியை மறுபடி கையில் எடுத்தான். அவள் இரண்டாம் அடியைத் தொடங்கினாள்.